நோய் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்போது பூனை, கைவேலை, வெளியே போய்வருவது இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேட்டவர் முடக்குவாதத்துக்கு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இப்போதுதான் மருந்து தொடங்கியிருக்கிறார். பூனையைக் கொடுத்துவிடு என்று ஒரு பக்கம், வெளியே தலைகாட்டாதே என்று இன்னொரு பக்கம். அப்புறம் நாள் முழுக்க என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதே நோய்க்காரிதான். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஓர் ஊசி. இரண்டும் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கிற மருந்துகள். வீட்டில் சாம்பலி, புள்ளி என்று இரண்டு பூனைகள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் மருத்துவரைக் கேள்வி கேட்டே களைப்படைய வைத்தவள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் பயப்பட நமக்குக் கட்டுப்படியாகாது. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும், நம்மிடம் இருப்பதே கொஞ்சம். எந்தத் தொல்லை எந்த வழியாக வரும் என்று தெரிந்துகொண்டு அந்த வழியை அடைத்தால் போதும். மிச்சத்தை விட்டுவிடலாம்.

பூனை விஷயத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் முடியைத்தான் சொல்வார்கள். ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இல்லாதவருக்குப் பூனைமுடி என்பது பெருக்கித் தள்ள வேண்டிய வேலை, அவ்வளவுதான். மருத்துவர்கள் யோசிப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றி. எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்னும் பூனைக்கு இது தொற்றலாம். முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை மலத்தில் இதன் முட்டைகள் வெளியேறும். நல்ல விஷயம் என்னவென்றால், வெளியே வந்த முட்டை மனிதருக்குத் தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மணல்பெட்டியை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. எங்கள் வீட்டில் அது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் ஊரில் இல்லாத நாளில் கையுறை, மாஸ்க், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். பூனைகள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, பச்சை இறைச்சியும் கொடுப்பதில்லை. இதே ஒட்டுண்ணி சரியாக வேகாத இறைச்சியிலும் தோட்டத்து மண்ணிலும் இருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. என் தோழி ஒருத்தி புள்ளியைக் கண்டால் காலை மடக்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் வெறுங்கையால் செடிக்கு மண் கிளறுவாள்.

என்னைக் கேட்டால் பெட்டியைவிடக் கவனம் வேண்டியது பல்லிடம். பூனையின் பல் ஊசிபோல மெல்லியது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, பாஸ்டுரெல்லா மாதிரியான பாக்டீரியாக்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். கையில் கடி என்றால் மூட்டும் தசைநாரும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு நாளுக்குள்ளேயே வீங்கிச் சிவந்துவிடும். அதனால் கடிபட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பேச்சே கிடையாது. ரேபிஸ் சந்தேகமுள்ள கடியை சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. நான் எந்தக் கடிக்கும் அதே கணக்கு வைத்திருக்கிறேன். கழுவிய கையோடு மருத்துவருக்கு போன். பூனைகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி தவறாமல் போட்டுவருகிறோம்.

கீறலுக்கும் வழி இருக்கிறது. கையை வைத்து விளையாட்டுக் காட்டுவதில்லை. நீளமான குச்சி, அதன் நுனியில் இறகு. நான் நாற்காலியைவிட்டு எழவே வேண்டாம், நகத்துக்கும் என் கைக்கும் நடுவே இரண்டு முழ தூரம். நகத்தை வீட்டுக்காரர் வெட்டிவிடுவார். தெள்ளுப்பூச்சிக்கு மருந்து தவறுவதில்லை, ஏனென்றால் கீறலால் நமக்குக் காய்ச்சல் வரவைக்கும் பார்டோனெல்லா என்ற பாக்டீரியா பூனைக்கு வருவதே தெள்ளுப்பூச்சியால்தான். புதிதாகப் பூனை எடுக்க நினைத்தால் ஒரு வயது தாண்டியதாகப் பாருங்கள். குட்டி என்றால் கடியும் கீறலும் படர்தாமரையும் சேர்ந்தே வரும்.

இதற்கெல்லாம் பதிலுக்கு அவை ஒன்றும் தருவதில்லை என்று நினைக்க வேண்டாம். பூனையின் உடம்புச்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். வலிக்கிற முழங்காலில் சாம்பலி வந்து படுத்தால் ஒத்தடம். நாலரைக் கிலோவைத் தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்காது என்பதால் சோபா பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். தானே ஏறி வரும், வேண்டாமென்றால் தானே இறங்கிப் போகும்.

கைவேலைக்கு வருகிறேன். நான் குரோஷா போடுகிறேன், அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னுவது. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் பின்னலில் எல்லாக் கண்ணியும் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், நடுவில் நழுவினால் வரிசையே போச்சு. குரோஷாவில் கொக்கியில் இருப்பது பெரும்பாலும் ஒரே லூப். விரல் வலித்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடலாம், மறுநாள் அதே இடத்தில் காத்திருக்கும். நோயோடு இருப்பவருக்கு இது பெரிய வசதி. எப்போது நிறுத்த வேண்டியிருக்கும் என்று நமக்கே தெரியாதே.

முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். அந்த நேரத்தில் கொக்கியைத் தொடுவதில்லை, மத்தியானத்துக்கு மேல்தான். மெல்லிய உலோகக் கொக்கியை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும். ரப்பர் பிடி போட்ட தடித்த கொக்கி வாங்குங்கள். 5 மில்லிமீட்டர் கொக்கியும் கொஞ்சம் பருமனான நூலும் விரலுக்கு இதம். பருத்திநூல் பார்க்க அழகு, ஆனால் இழுபடாது, ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் இழுக்க வேண்டும். அக்ரிலிக்கோ கம்பளியோ விட்டுக்கொடுக்கும். குட்டி பொம்மைகள் பின்ன எனக்கு ஆசைதான். ஆனால் பஞ்சு வெளியே தெரியாமலிருக்க நெருக்கி நெருக்கிப் போட வேண்டும், அதனால் அதை விட்டுவிட்டேன். இப்போது சதுரம் சதுரமாகப் போட்டுச் சேர்த்துவைக்கிறேன். ஒரு சதுரம் முடிந்தால் ஒரு வேலை முடிந்த மாதிரி, எப்போது வேண்டுமானாலும் ஒன்றாக இணைத்துப் போர்வை ஆக்கலாம். மடியில் தலையணை வைத்து முழங்கையைச் சாய்த்துக்கொள்வேன், அலாரம் அடித்தால் கைக்கு ஓய்வு. வலி கூடிய நாளில் பின்னுவதில்லை. நூல்களை நிறவாரியாகப் பிரித்து, எதோடு எது சேரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் கைவேலைக் கணக்குதான், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வேறு கைவேலை என்றால் மூச்சுக்குள் என்ன போகும் என்று மட்டும் பாருங்கள். ரெசின் வார்ப்பதும் மரம் தேய்ப்பதும் நமக்கு வேண்டாம். பூஞ்சை பிடித்த பழைய காகிதத்தை வெட்டி ஒட்டுவதும் அப்படியே. மெத்தோட்ரெக்சேட் அபூர்வமாக நுரையீரலைப் பாதிக்கும். வறட்டு இருமல் வந்தால் தூசியா மருந்தா என்று குழம்பிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நூலும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் ஆபத்து நமக்கு இல்லை, பூனைக்கு. நூலுருண்டையோடு பூனைக்குட்டி என்று வாழ்த்து அட்டையில் போடுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் வளைந்திருக்கும். வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, குடல் மறுமுனையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அதுபோலக் குடல் சுருங்கி, நூல் அதை அறுத்தும்விடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என் நூலெல்லாம் ஜிப் வைத்த பையில், பை அலமாரியில், அலமாரிக்குக் கொக்கி. வெட்டிப்போடும் துண்டுநூலுக்கு மூடிபோட்ட டப்பா. ஊசி கோத்த நூலை மேசையில் விட்டு எழுவதே இல்லை.

வெளியே போவதில் நான் காற்றைத்தான் பார்க்கிறேன். கதவுப்பிடியைத் துடைப்பதில் நேரம் போக்குவதில்லை, கைகழுவுவதோடு சரி. சளி, ஃப்ளூ, கோவிட் மூன்றுக்கும் அடுத்தவர் மூச்சு கலந்த அறைக்காற்றுதான் பெரிய கவலை. பூங்கா, திறந்த மைதானம், ஆற்றங்கரை என்றால் தாராளமாகப் போவேன். கூட்டமில்லாத திறந்தவெளியில் மாஸ்க்கும் போடுவதில்லை. நூலகமும் கடையும் திறந்த உடனேயே போய்விடுவேன், அப்போது என்95 மாஸ்க். அதன் பெயரிலேயே இருக்கிறது, நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான். மூச்சுவிடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குப்பக்கம் இடைவெளி இருக்கிறது, கம்பியை அழுத்திவிடுங்கள்.

பையில் சின்னதாக ஒரு கார்பன் டை ஆக்சைடு அளவி வைத்திருக்கிறேன். திறந்தவெளியில் 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு) ஒட்டிக் காட்டும். அறைக்குள் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பிறர் விட்ட மூச்சு தேங்கிக்கிடக்கிறது என்று அர்த்தம், நான் கிளம்பிவிடுவேன். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. காற்று சுத்திகரிப்பான் ஓடும் அறையில் கிருமி குறைந்திருந்தாலும் எண் குறையாது. இருந்தாலும் ‘இங்கே மூச்சு முட்டுகிறதோ’ என்று மனசுக்குள் பட்டிமன்றம் நடத்துவதைவிட ஓர் எண்ணைப் பார்ப்பது நிம்மதி.

ஒரு நாளைக்கு ஓர் இடம், ஒரே வேலை. உட்கார இடம் உண்டா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்வேன். மருந்து எடுத்த மறுநாள் களைப்பும் குமட்டலுமாக இருக்கும், அன்றைக்கு எதுவும் வைப்பதில்லை. மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வேன். முறை வந்ததும் போனில் கூப்பிடச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு சதுரம் முடிந்துவிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும் எந்தத் திட்டமும் கிடையாது, முதல் போன் மருத்துவருக்கு. தடுப்பூசி எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்யும் தடுப்பூசிகள் நம்மைப் போன்றவர்களுக்குப் பொதுவாக ஆகாது. ஃப்ளூ ஊசி போன்ற செயலிழந்த வகை போட்டுக்கொள்ளலாம்.

“இன்னுமா மாஸ்க்?” என்று கேட்பவர்களுக்கு “மருந்து சாப்பிடுகிறேன்” என்பதோடு முடித்துக்கொள்வேன். விளக்கம் சொல்லும் தெம்புக்கு வேறு செலவு இருக்கிறது. விசேஷத்துக்குக் கூப்பிடுபவர்களிடம் வரமாட்டேன் என்று மொட்டையாகச் சொல்வதில்லை. “உள்ளே கூட்டத்தில் உட்கார முடியாது, மாடியில் கொஞ்ச நேரம் பார்க்கலாமா?” என்று கேட்பேன். பாதிப் பேர் மாடிக்கு வந்துவிடுகிறார்கள். மற்றவர்களோடு போனில் பேசிக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் பின்னிக்கொண்டே பேசலாம்.