'தூய தூய தூயா': இசை ஹீபரா, டைக்ஸா?

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சித் தாளில் 'தூய தூய தூயா' பாட்டுக்கு 'இசை' என்ற இடத்தில் ஜான் பாக்கஸ் டைக்ஸ் பெயரையே போடுங்கள். ரெஜினால்ட் ஹீபர் அதன் மூலமான 'Holy, Holy, Holy' என்ற ஆங்கில வரிகளை எழுதியவர். அவர் 1826-இல் திருச்சியில் இறந்துவிட்டார். டைக்ஸின் 'நைசியா' மெட்டு வெளிவந்ததோ 1861-இல்.

உங்கள் பாடகர் குழுவிடம் இருப்பது வரிகள் மட்டும் அச்சான பிரதியாக இருக்கும். அதில் மெட்டமைத்தவருக்கு இடமே கிடையாது. சென்னைக்காரர்களுக்கு ஹீபர் பெயர் வேறு பழக்கம். புனித ஜார்ஜ் பேராலயத்தில் சிலையே இருக்கிறது. பாவம் டைக்ஸ்!

ஆர்கன் வாசிப்பவரை முதல் அடியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று 'தூய'வும் டோ டோ, மீ மீ, ஸோ ஸோ என்ற ஸ்வரங்களில் இரண்டிரண்டாக மேலேறினால் அது நைசியாதான்.

மெட்டுக்கு மேலே தனியாகப் பாடும் மேல்குரலை (descant) வேறொருவர் சேர்த்திருந்தால் அவர் பெயரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், டைக்ஸோடு சேர்த்துவிடாதீர்கள்.