மருமகன் வழக்குக்கு யார் போவது?

கேள்வி: தண்டனை பெற்ற டிரம்ப் மறுபடி அதிபராகிவிட்டார், நம் மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் மட்டும் ஏன் மறுபடி வரக்கூடாது என்கிறார் மச்சான். முடியாது என்கிறேன் நான். மூன்று மாதமாக ஒட்டுக்கடையில் எதிரெதிர் மேசையில் உட்காருகிறோம், பேச்சு இல்லை. அக்கா மகன் வழக்குக்குக்கூட இதனால் நான் போகவில்லை. மச்சானுக்கும் தோட்டத்தில் லீவு இல்லை, அக்கா மட்டும் பஸ்ஸில் போய்வந்தார். யார் சொல்வது சரி?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. தீர்ப்பில் குற்றவாளியானவர் அதிபராகக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் இல்லை. அதனால்தான் 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியான டிரம்ப், நவம்பரில் ஜெயித்தார். இங்கே கூட்டரசு அரசியலமைப்பின் 48-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்று, முழு மன்னிப்பும் கிடைக்காதவர், விடுதலையாகியோ அபராதம் விதிக்கப்பட்டோ ஐந்தாண்டு கழியும்வரை நாடாளுமன்ற உறுப்பினராகவே முடியாது, அப்புறம் எப்படிப் பிரதமராவது? எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான ஊழல் வழக்கில் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறை 6 ஆண்டானது, அபராதம் 21 கோடி வெள்ளியிலிருந்து 5 கோடி ஆனது. தண்டனைதான் குறைந்தது, முழு மன்னிப்பு கிடைக்கவில்லை.

சரி, ஜெயித்துவிட்டீர்கள். இப்போது அக்கா பஸ்ஸில் போனாரே, அதைப் பேசுவோம்.

பையன் மேல் என்ன வழக்கு, அடுத்த தேதி என்றைக்கு, ஜாமீனுக்கு யார் கையெழுத்துப் போட்டது? ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. தெரிந்தால் எழுதியிருப்பீர்கள். 34 குற்றச்சாட்டுக்காக மூன்று மாதம் சண்டை போட முடிகிறது, சொந்த மருமகன் மேல் உள்ள ஒரு குற்றச்சாட்டு என்னவென்று கேட்க வாய் வரவில்லை! அந்தத் தலைவர்கள் பக்கம் வக்கீல்கள் வரிசையாக நின்றார்கள். இவன் மலாயில் வாசிக்கப்படும் குற்றச்சாட்டுக்குத் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும், பின்னால் பெஞ்சில் அம்மா மட்டும். பயத்தில் தலையாட்டிவிட்டால், நாளைக்கு வேலை தேடிப் போகிற இடத்துக்கெல்லாம் அந்தப் பதிவும் கூடவே வரும். காது குத்தும்போது மடியில் உட்காரவைக்க மட்டுமா தாய்மாமன்?

மச்சானையும் நான் விடமாட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் லீவு கேட்டு வாங்க முடியாதவருக்கு ஒட்டுக்கடையில் என்ன வேலை? ஆனால் எனக்கு எழுதியவர் நீங்கள், அதனால் முதலில் நீங்கள்தான் படியேற வேண்டும்.

இன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போங்கள். ஜாமீன் தாளை வாங்கித் தேதியைப் பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், வருமானம் குறைந்த குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் உதவத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வக்கீலிடம் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று பையனிடம் சொல்லிவையுங்கள். அப்புறம், மச்சான் எதிரே வந்தால் 48-வது பிரிவை எடுக்காதீர்கள். "கேஸ் அன்றைக்கு நான் வண்டி எடுக்கிறேன், நீங்களும் லீவு போடுங்கள்" என்று சொல்லுங்கள்.