டீச்சரிடம் கேளுங்கள்: வேதபாடமும் வயசுப் பிள்ளைகளும்

களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 31 வருஷம் தமிழும் வேதபாடமும், அதாவது பைபிள் வகுப்பும், எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாறசாலையிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகள் ஒன்பதாம் வகுப்பு. வேதபாடத்தில் எப்போதும் முதல் மார்க். வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் போனோடு மாடிக்குப் போய்விடுகிறாள். பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மார்க் வாங்கச் சொல்லிக்கொடுக்கிறோம். வாங்கிவிட்டாள். கோபிக்காதீங்க, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு வருஷம் எட்டாம் வகுப்பு முழுக்க இயேசுவின் மலைப்பிரசங்கத்தை ஒப்பிக்க வைத்தேன். இரக்கமுள்ளவர்களைப் பற்றிய வசனத்தைத் தடங்கலில்லாமல் சொன்ன பையன், அடுத்த மணி அடிப்பதற்குள் முன்பெஞ்சுக்காரனின் டிபன் பாக்ஸை ஒளித்து வைத்துவிட்டான். பறிகொடுத்தவன் யாரிடமும் சொல்லாமல் மத்தியானம் பைப்படியில் தண்ணி குடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நான் ஒப்புவித்தலுக்குப் போட்ட மார்க் பத்துக்குப் பத்து.

வசனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பது வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்கிற 23-ஆம் சங்கீதம் தானாக வாயில் வரும். சின்ன வயசில் பதிந்ததுதான் வரும். ஆனால் அதை ஒருவர் நம்பி வாழ்வதைப் பிள்ளை பார்ப்பது வீட்டில். பெற்றோர்தான் முதல் ஆசிரியர்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் எழுதிவைத்தது. அமெரிக்காவில் 2002-03-இல் 13 முதல் 17 வயதுவரையான 3000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் எடுத்த ஆய்விலும், பிள்ளைகளின் பக்தி விஷயத்தில் தாய் தகப்பன் செல்வாக்கே முன்னால் நின்றது. யாருக்காக ஜெபிக்கலாம் என்று ஒருநாள் அவளிடமே கேட்டுப் பாருங்கள். நேரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். முக்கால் மணி நேரம் ஜெபித்தால் நானும் மாடிக்குத்தான் போவேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன்: உலகம் பைபிள் சொல்கிறபடி ஆறு நாளில் உண்டானதா, பெருவெடிப்பிலா? வேதபாடத்தில் கேட்டதற்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

வெளியே நிறுத்தியது தப்பு மக்கா. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவரே ஒரு கத்தோலிக்கக் குருவானவர்தான்: பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் லெமெய்த்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். அங்கி போட்டுக்கொண்டே கணக்கும் போட்டார். நீ கேட்டுக்கொண்டே இரு. கேள்வியை உள்ளே பூட்டி வைத்துவிட்டு ஆமென் சொல்லும் பிள்ளையை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

மூணாறிலிருந்து ஒரு தகப்பனார்: நாங்கள் இந்துக்கள். மகள் எய்டெட் கான்வென்ட்டில் படிக்கிறாள். வேதபாடத்தில் உட்கார்ந்தே ஆகணுமா?

வேண்டியதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் மைனர் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. பல பள்ளிகளில் அந்த நேரத்துக்கு நன்னெறி வகுப்பு இருக்கும், எழுதிக் கொடுங்கள். கிறிஸ்மஸ் நாடகத்தை மட்டும் தடுக்காதீர்கள். என்னிடம் யோசேப்பு வேஷம் கேட்டு அடம்பிடித்ததில் பாதிப்பேர் இந்துப் பிள்ளைகள்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: காலை ஜெபத்துக்கு வராதவர்களுக்கு ஃபைன் போடலாமா?

கூடாது.

குழித்துறையிலிருந்து ஒரு இளம் டீச்சர்: திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்த கையோடு பையன்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது அக்கா?

கடைசிப் பரீட்சை மாதிரி நாம் நடத்தினால் அவர்கள் லீவு விட்டுக்கொள்கிறார்கள். பிரசங்கத்தைக் கூட்டாதே, வேலை கொடு. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு தூத்தூர் மீனவர் கிராமங்கள் பக்கம் அரிசி கொண்டுபோனோம். மூட்டை சுமந்தவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற பையன்கள். ஒரு வீட்டில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மூட்டையை இறக்கிய பையன் என்னிடம் வந்து, "டீச்சர், இவங்களுக்கு எந்தச் சங்கீதம் வாசிக்கலாம்?" என்றான். கப்பலேறிப் போகிறவர்களைப் பற்றி 107-இல் வரும் என்றேன். போனில் தேடி எடுத்து, தரையில் உட்கார்ந்து, திக்கித் திக்கி அவனே வாசித்தான்.