முதலாளி நியாயமாக இல்லை, நான் மட்டும் ஏன்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக இன்கிரிமென்ட் கிடையாது. கூட இருந்தவர் போனபிறகு அவருடைய வேலையும் என் தலையில்தான். கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். அதனால் நானும் சிலவற்றைச் சரிக்கட்டிக்கொள்கிறேன். சீக்கிரம் கிளம்பும் நாளில் நண்பர் என் வருகைப்பதிவு கார்டைத் தேய்த்துவிடுவார். பைக்கில் 13 கிலோமீட்டர் போனால் பயணப்படி தாளில் 18 என்று எழுதுவேன். லுஹர் (மதியத்) தொழுகைக்குப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும், அது இபாதத் (வணக்கம்) தானே. போன வாரம் சப்ளையர் ஒருவர் ஃபோன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. எனக்குச் சேர வேண்டியதைத்தான் எடுக்கிறேன் என்று தோன்றுகிறது, ஆனாலும் மனசு உறுத்துகிறது. என் சம்பளம் ஹலாலா (மார்க்கப்படி ஆகுமானதா)?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மனசு உறுத்துகிறது என்று எழுதியதால்தான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். உறுத்தாதவர் எழுதவே மாட்டார்.

அந்த 13, 18 விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. 3-இன் இடது பக்கத்தை இரண்டு சின்னக் கோடு போட்டு மூடினால் 8. எழுதும்போது கை நடுங்கியிருக்காது, முதல் தடவை வேண்டுமானால் நடுங்கியிருக்கும். நான் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில் பிள்ளையின் பள்ளி வேலைக்கென்று ஆபீஸ் பேப்பர் கட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது திருட்டாகவே தெரியவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான், முஸ்லிம் என்ற தொகுப்பு நூலில் வரும் ஹதீஸ் (நபிமொழி) ஒன்றைப் படித்தபோது அந்தக் கட்டு ஞாபகம் வந்தது. நாம் ஒருவரை ஒரு பொறுப்பில் வைத்து, அவர் ஓர் ஊசியையோ அதற்கு மேலோ நம்மிடம் மறைத்தால் அது மோசடி, மறுமையில் அதைச் சுமந்துகொண்டு வருவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்ஸாரி (மதீனாவாசி) தோழர் ஒருவர் எழுந்து, அல்லாஹ்வின் தூதரே, எனக்குக் கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஊசிக்கே அவர் பயந்தார். நாமோ 5 கிலோமீட்டரை ரவுண்டு பண்ணிக்கொள்கிறோம்.

சரி, உங்கள் வாதத்துக்கு வருவோம். கம்பெனி எனக்கு அநியாயம் செய்கிறது, நான் என் பங்கை எடுத்துக்கொள்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வாதி நீங்கள், நீதிபதி நீங்கள், கல்லாவில் கை வைப்பதும் நீங்கள். எதிர்த்தரப்புக்கு வழக்கு நடப்பதே தெரியாது. எவ்வளவு பாக்கி, எவ்வளவு எடுத்தாகிவிட்டது, எப்போது நேரானது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இருக்காது. யாரும் எழுதுவதில்லை.

சிலர் நபித்தோழியரில் ஒருவரான ஹிந்த் (ரலி) அவர்களின் சம்பவத்தைக் காட்டுவார்கள். கணவர் அபூசுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று அவர் முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். உண்மைதான். ஆனால் மனைவி மக்களுக்குச் செலவு கொடுப்பது கணவர்மேல் கடமை, அது உறுதியான ஹக் (உரிமை). அதோடு அவர் தானாக எடுக்கவில்லை, நபியிடம் வந்து கேட்டார். தனக்கு வரவேண்டிய கடனை, கொடுக்க மறுப்பவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்பதில் உலமாக்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் அனுமதித்தவர்களும் பேசியது நிரூபணமான கடனைப் பற்றித்தான். வராத இன்கிரிமென்ட் கடன் இல்லை தம்பி. அது உங்கள் எதிர்பார்ப்பு. பேசிய சம்பளம் மாதாமாதம் வருகிறது அல்லவா? ஓவர்டைமுக்குப் பணம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் அது வேறு கதை, அது கடன், வெளிப்படையாகக் கேளுங்கள், தொழிலாளர் நீதிமன்றம் வரைக்கும் போங்கள். வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாக புகாரி ஹதீஸ் நூலில் வருகிறது. உங்கள் முதலாளியின் கணக்கு அங்கே இருக்கிறது, அதை நீங்கள் பயணப்படித் தாளில் தீர்க்க முடியாது. உனக்குத் துரோகம் செய்தவருக்கு நீ துரோகம் செய்யாதே என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. உங்கள் நிலைமைக்கென்றே சொன்னதுபோல இருக்கும்.

அளவில் குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்கும் குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்தைத் தராசு வைத்திருக்கும் வியாபாரிக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். வாங்கும்போது முழுசாக வாங்குவார்கள், கொடுக்கும்போது குறைப்பார்கள் என்கிறது வசனம். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஹெச்.ஆருக்கு ஃபோன் அடிக்கிறோம். நேரத்தில் ஒரு மணி குறைந்தால்? கார்டு தேய்க்க நண்பர் இருக்கிறார். அவரையும் பொய்யில் கூட்டுச் சேர்த்திருக்கிறீர்கள், அதை முதலில் நிறுத்துங்கள், அவரிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

தொழுகை பற்றி. மார்க்கப்படி, ஃபர்ளு (கட்டாயத்) தொழுகைக்கான நேரம் வேலை ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கு, அதோடு சேர்ந்த சுன்னத்தையும் (நபிவழித் தொழுகையையும்) பலர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தடுக்க முதலாளிக்கு உரிமை இல்லை. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவரிடம் சம்பளம் பேசியவர், முதலாளியின் அனுமதி இல்லாமல் அந்த நேரத்தில் நஃபில் (கூடுதல் தொழுகை) தொழக்கூடாது என்றுகூட ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் முக்கால் மணி நேரத்தில் தொழுகை எவ்வளவு, ஃபோன் எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு: ஒருவர் இப்படிச் செய்தால், அடுத்து அதே ஆபீஸில் சேரும் முஸ்லிம் பையன் பத்து நிமிடம் கேட்டாலும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

சம்பளம் ஹலாலா என்று கேட்டீர்கள். உழைத்த நேரத்துக்கு வாங்கியது ஹலால். உழைக்காத நேரத்துக்கு வாங்கியதும், அந்தப் பயணப்படியில் கூடுதலாக வந்ததும் உங்களுடையது இல்லை. தவ்பா (பாவமன்னிப்பு) செய்தால் போதுமா என்றால், மற்ற மனிதர்களின் ஹக்கில் போதாது, பொருள் திரும்பப் போக வேண்டும். உரிமையாளர் கண்ணெதிரே இருக்கும்போது அதை ஸதகாவாக (தர்மமாக) கொடுத்துவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. அதற்காக மேனேஜர் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய தாள்களைப் பார்த்து, குத்துமதிப்பாக ஆனாலும் கொஞ்சம் தாராளமாகவே ஒரு தொகை போடுங்கள். இனி வரும் உண்மையான பயணங்களுக்குப் படி கேட்காமல் விட்டுக்கொண்டே வாருங்கள், கணக்கு நேராகும் வரை. நேரத்துக்குப் பதில் நேரம் கொடுங்கள்.

சம்பளத்தை நேராகக் கேளுங்கள். இரண்டு பேர் வேலையை எத்தனை மாதமாகப் பார்க்கிறீர்கள், என்னென்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், "பார்க்கலாம்" என்றால் எப்போது என்று தேதி கேளுங்கள். தரவில்லையென்றால் வேறு வேலை தேடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

அப்புறம் அந்த ஃபோன். நபியவர்கள் அனுப்பி ஸகாத் (கட்டாயத் தர்மம்) வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) ஏறி, அவர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். பர்ச்சேஸ் நாற்காலியில் நீங்கள் இல்லையென்றால் அந்த சப்ளையருக்கு உங்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பெட்டியைப் பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. மேனேஜருக்குத் தெரியப்படுத்திவிட்டு, ஆபீஸ் மூலமாகவே திருப்பி அனுப்புங்கள், கூரியர் ரசீதை ஃபைலில் வையுங்கள். அடுத்த ஆர்டருக்கு அவருடைய விலைதான் குறைவாக இருந்தால் அவருக்கே கொடுங்கள்.