போற தூரத்தைக் கேக்கிறியள், வாற தூரத்தை யார் கேக்கிறது?

ஓகஸ்ட் லீவு கிட்ட வந்திட்டுதெண்டா எனக்கு வாற கேள்வியெல்லாம் ஒரே பக்கமாத்தான் வரும். போன வருசம் முழுக்க ரியூசன், இந்த முறை சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை கூட பிள்ளையளை ரியூசனுக்கு அனுப்பிற ஊரில இப்பிடிக் கேக்க நாலு பேர் இருக்கினம் எண்டதே எனக்கு சந்தோசம்தான், அதால இந்த இதழ் முழுக்க அதுக்கே விட்டாச்சு.

கேள்வி: அக்கா, மகனுக்கு 9 வயசு, தனிச் சைக்கிள் ஓடுவான். மகளுக்கு 5, அவ என்ட கரியர்ல. லீவுக்கு குடும்பமா சைக்கிள்லயே நிலாவெளி போய் கடல்ல குளிச்சிட்டு வருவம் எண்டு பிளான். திருகோணமலை ரவுணில இருந்து 14 கிலோமீற்றர்தானே, ஏலும்தானே?
ஒரு அப்பா, உவர்மலை

பதில்: தம்பி, போக ஏலும். வரத்தான் ஏலாது.

14 எண்டு சொல்றியள், திரும்பி வரவும் அதே 14 இருக்கெல்லோ, அதுவும் ரெண்டு மணித்தியாலம் கடல்ல ஊறி, சோத்துப் பார்சலும் சாப்பிட்டு, உப்புப் பிடிச்ச உடம்போட, தார் றோட்டு கொதிக்கிற நேரத்தில. உங்களுக்கு 28 கிலோமீற்றர் ஒரு நாள் வேலை. மகனுக்கு அப்பிடியில்லை, அவன்ட சைக்கிள்ல சில்லு சின்னன், நீங்க ரெண்டு மிதி மிதிக்கிற தூரத்துக்கு அவன் மூண்டு மிதி மிதிக்கோணும். வாய் திறந்து களைச்சுப் போனன் எண்டு சொல்லவும் மாட்டான், தங்கச்சிக்கு முன்னால சொல்லுவானோ?

நான் இதை எங்கயும் வாசிச்சுச் சொல்லேல்ல. கொஞ்ச வருசத்துக்கு முன்னம் நாங்களும் இதே நிலாவெளிக்குத்தான் போனம். போகேக்க ஒரே பாட்டும் கூத்தும். வரேக்க பதினொரு மணி, மகள் கரியர்லயே நித்திரை. நித்திரையான பிள்ளை ஒரு பக்கமா சரியும், நான் ஒரு கையில ஹான்டிலும் மற்றக் கையில அவவின்ட சட்டையும், அதுக்குள்ள நெருஞ்சி முள்ளு ஏறி பின் ரயர் காத்துப் போச்சு. பம் வீட்டில கிடக்கு. மனுசன் மகனோட முன்னுக்குப் போனவர் திரும்பிப் பாக்கவே இல்லை, அந்தக் கணக்கு இன்னும் தீரேல்ல. கடைசியா மீன் ஏத்திக்கொண்டு வந்த பட்டா, அதுதான் சின்ன லொறி, அந்த லொறிக்காரர் ஒருத்தர்தான் பாவம் பாத்து பெட்டிக்கு மேல சைக்கிளையும் எங்களையும் ஏத்தினார். ரெண்டு கிழமையா சைக்கிள்ல சூடை மீன் மணம்.

வெயில் மட்டுமில்லை, காத்தும் இருக்கு. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் எங்களுக்கு கச்சான் காத்து. அந்தப் பக்கம் மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு எங்கட பக்கம் காய்ஞ்ச சூட்டுக் காத்தா மேற்கால தென்மேற்கால இறங்கி வரும், வெயில் ஏற ஏற கூடும். நிலாவெளியால திரும்பி வரேக்க அது வலப்பக்கத்தால அடிக்கும், அந்த நேரம் ஒரு லொறி உங்களைக் கடந்து போனா காத்து ஒருக்கா மறைஞ்சு பிறகு சடாரெண்டு அடிக்கும், பெரியாக்களின்ட சைக்கிளே ஆடும், 9 வயசுப் பெடியன்ட சைக்கிள் என்னத்தைத் தாங்கும்?

அதால முதல் முறை பாதியில நில்லுங்கோ. நிலாவெளி றோட்டில உப்புவெளி தாண்ட, ரவுணில இருந்து ஒரு 6 கிலோமீற்றரில உலகப்போர் மயானம் இருக்கு, புல்லு வெட்டி துப்புரவா வச்சிருக்கினம், அதில தண்ணி குடிக்க நிப்பாட்டுங்கோ. 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலைக்கு குண்டு போட்ட கதையை மகனுக்கு அங்க வச்சு சொன்னா பள்ளிக்கூடத்தில சொல்லுறதை விட நல்லா ஏறும். பிறகு திரும்பி உப்புவெளிக் கடல்ல ஒரு மணித்தியாலம், எட்டரைக்கு முதல் வீடு. அப்பிடியெண்டா காலமை அஞ்சே முக்காலுக்கு வெளிக்கிடோணும், ஆறரைக்கு இல்லை.

ரெண்டாவது முறை கன்னியா, சுடுதண்ணிக் கிணறுகள் இருக்கிற இடம். அனுராதபுரம் றோட்டில ஒரு 8 கிலோமீற்றர், மேற்குப் பக்கம். விடியக் காத்து மெல்லிசா இருக்கேக்க எதிர்த்துப் போயிடுவியள், வரேக்க கச்சான் முதுகில தள்ளிக்கொண்டு வரும். பிள்ளையளோட போறதெண்டா திரும்பி வாற பாதிதான் சுகமா இருக்கோணும், கன்னியா அதுக்கெண்டே வச்ச மாதிரி. ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு ஒவ்வொரு மாதிரி, எது கூடச் சூடு எண்டு பிள்ளையள் தங்களுக்க சண்டை பிடிச்சே அரை மணித்தியாலம் போகும். பஸ் ஓடுற றோட்டு அது, அதால மகனை நடுவில விடுங்கோ, முன்னுக்கு ஒராள், பின்னுக்கு ஒராள், பின்னுக்கு வாறவர் மகனை விட ஒரு முழம் வலப்பக்கமா ஓடோணும், அப்பத்தான் வாகனக்காரன் உங்களைக் கண்டு விலத்துவான். நிலாவெளியை அடுத்த வருசம் பாப்பம். இல்லாட்டி போறது சைக்கிள், வாறது பட்டா.

கேள்வி: எங்கட சின்ன மகளுக்கு ஒண்டரை வயசு. எங்க வாப்பா என்னை சைக்கிள் பார்ல துவாயைச் சுத்தி இருத்தித்தான் கூட்டிப் போவார், ஒண்டும் ஆகல்ல. இப்ப கடையில பிள்ளை சீற் வாங்கச் சொல்லுறாங்க, அது தேவையா? பாலத்துக்கு மேலால பின்னேரம் கூட்டிப் போக ஆசை.
ஒரு வாப்பா, கிண்ணியா

பதில்: உங்கட வாப்பா உங்களை ஏத்திக்கொண்டு திரிஞ்ச காலத்தில கிண்ணியாவுக்குப் பாலமே இல்லை, பாதை எண்டுற மிதவையிலதான் சைக்கிளும் சனமும் ஆடும் சேர்ந்து தண்ணியைக் கடந்தது, றோட்டில வாகனமும் இவ்வளவு இல்லை. ஓம், சீற் தேவை. ஒரு வயசாகாத பிள்ளையை சைக்கிள்ல ஏத்தவே கூடாது, கழுத்து இன்னும் தாங்காது. உங்கட மகள் அதைத் தாண்டிட்டா, பிடிச்சுவிட இல்லாம தானா நிமிந்து இருக்கிறா எண்டா சரி. பின்னுக்குப் பூட்டுற சீற் கூடுதலானது 22 கிலோ மட்டும்தான் தாங்கும், அதில எழுதியிருக்கும் பாருங்கோ. தோள்பட்டியும், கால் வைக்க தட்டும், அந்தக் காலைக் கட்ட ஒரு பட்டியும் இருக்கோணும்.

அந்தக் கால்பட்டிதான் முக்கியம். பிள்ளையள் விழுந்து காயப்படுறதை விட சில்லுக் கம்பிக்குள்ள குதிக்காலைக் குடுத்துக் காயப்படுறதுதான் நாங்கள் அடிக்கடி காணுறது, செருப்பு அதுக்கு ஒண்டும் செய்யாது. சீற் இல்லாம கரியர்ல ஏத்துற பெரிய பிள்ளையளுக்கும் இதேதான், பழைய வலைத் துண்டொண்டை மட்காட்டில இருந்து அச்சு மட்டும் ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினா செலவில்லாம காரியம் முடியும், நுனி ஒண்டும் சில்லுக்க தொங்காம வெட்டி விடுங்கோ. இன்னொண்டு, பிள்ளையை சீற்ல வச்சபடி சைக்கிளை ஸ்ராண்டில நிப்பாட்டிட்டு கடைக்குள்ள போறாக்கள் இருக்கினம். ஐஞ்சு செக்கன் கூட விடாதீங்கோ, சாய்ஞ்சா தலைதான் முதல்ல நிலத்தில அடிபடும்.

பாலம் 396 மீற்றர், 2009ல திறந்தது, கடந்து போறது ஒரு விசயமில்லை, ஆனா மேல மறைப்பே இல்லை, பின்னேரக் காத்து தூக்கும். காலமை சுபஹு தொழுதிட்டு வந்த கையோட கூட்டிப் போங்கோ. அந்த நேரம் பாத்தா தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும், வள்ளக்காரர் திரும்பி வாற நேரம், மகளுக்கும் பாக்க ஏதாவது இருக்கும்.

கேள்வி: கல்யாணத்துக்கு முதல் நல்லா சைக்கிள் ஓடினனான், இப்ப ஸ்கூட்டி. பிள்ளையளோட சைக்கிள் ஓடுவம் எண்டா அவர் "இந்த வயசில என்ன கூத்து, சனம் என்ன சொல்லும்" எண்டுறார். என்ன செய்யிறது அக்கா?
ஒரு அம்மா, அன்புவழிபுரம்

பதில்: அவருக்கும் ஒரு சைக்கிள் எடுங்கோ. முதல் நாள் மூச்சு வாங்கும், அந்த மூச்சில கதை வராது. கடற்கரைப் பக்கம் ஓடிட்டு வந்தா செயினை நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போடுங்கோ, உப்பு ரெண்டு மாசத்தில திண்டிடும். அதை அவரின்ட வேலையாக் குடுங்கோ.

கேள்வி: மகனுக்கு 7 வயசு, இன்னும் பக்கச் சில்லு கழட்ட விடுறான் இல்லை. பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடி ஓடி எனக்கு நாரிப்பிடிப்பு.
ஒரு அப்பா, தம்பலகாமம்

பதில்: பின்னால ஓடுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நீங்க பிடிச்சா உங்கட கைதான் பலன்ஸ் பழகும், அவன்ட உடம்பு பழகாது. பக்கச் சில்லைக் கழட்டுற அண்டைக்கே பெடலையும் கழட்டுங்கோ, 15ம் நம்பர் ஸ்பனர் காணும், ஆனா இடப்பக்கப் பெடல் மறுவளமாத்தான் கழரும், வழமை போல திருகி இறுக்கிப் போட்டு எனக்கு ஏசாதீங்கோ. ரெண்டு பாதமும் முழுசா நிலத்தில முட்டுற அளவுக்கு சீற்றை இறக்கி, நடந்து நடந்து தள்ளச் சொல்லுங்கோ. கொஞ்சம் சரிவான புல்லுத்தரை நல்லம், பள்ளிக்கூட மைதானம் இருந்தா விசேசம். ரெண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும் மட்டும் தானா உருண்டானெண்டா பிறகு பெடலைப் பூட்டுங்கோ. சில பிள்ளையளுக்கு ஒரு பின்னேரம், சிலதுக்கு ரெண்டு கிழமை. பிறேக் பிடிக்க முதல்லயே பழக்குங்கோ, கால் தேய்ச்சு நிப்பாட்டுற பழக்கம் வந்திட்டா அது போகாது. வாய்க்கால் கட்டில வச்சு மட்டும் பழக்க வேண்டாம், தம்பலகாமத்தில ஆரோ ஒராள் அதைத்தான் செய்வார் எண்டு தெரியும், அதுதான் சொல்லுறன்.

கேள்வி: மாரி காலத்தில என்ன செய்யிறது? ஒக்டோபர் தொடங்கினா பிள்ளையள் வீட்டுக்குள்ள ஃபோனோட.
ஒரு அம்மா, சாம்பல்தீவு

பதில்: மழை விட்ட காலமைகளில கிட்டடிக்குள்ள ஓடலாம், ஆனா தண்ணி நிக்கிற றோட்டில வேண்டாம், பள்ளம் தெரியாது. நவம்பர் டிசம்பரில கடல்ல பிள்ளையளை இறக்கவே இறக்காதீங்கோ, வாடைக்கடல் அது, உள்ளுக்கு இழுக்கும். கரையில நிண்டு அலையைப் பாக்கிறதுக்கு ஒரு குடையும் சுடச்சுடக் கடலையும் போதும்.

கேள்வி: அன்ரி, அப்பாவோட கோணேசர் கோயிலுக்கு சைக்கிள்ல போகப் போறன். கோட்டைக்குள்ள நிக்கிற மான் சைக்கிளைத் துரத்துமா?
8 வயசு, பேர் போட வேண்டாமாம்

பதில்: துரத்தாது குஞ்சு. கோட்டை வாசல் தாண்ட ஏத்தம், அதில இறங்கி அப்பாவோட உருட்டிக்கொண்டு போங்கோ, மான் பக்கத்தில நிண்டு உங்களைப் பாக்கும். இறங்கி வரேக்க பிறேக் பிடிச்சுக்கொண்டு மெதுவா வாங்கோ, அதுகள் யோசிக்காம றோட்டுக்கு குறுக்கால பாயும். சொப்பிங் பாக் ஒண்டையும் அங்க போட்டிட்டு வரக்கூடாது, மான் அதைத் திண்டு வயித்துக்க அடைச்சு செத்துப்போகும். ஆனா கோயிலுக்கு கொண்டு போற வாழைப்பழத்தை ஹான்டில்ல தொங்கவிட வேண்டாம், துரத்தாதெண்டு சொன்னது வாழைப்பழம் இல்லாத சைக்கிளைத்தான்.