சார்த்ர் பேராலயத்தின் சுவரும் மாதாவின் முகமும்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் பிரான்ஸ் போனபோது சார்த்ர் பேராலயத்தைப் பார்த்தேன். எண்ணூறு வருடப் பழமையைத் தேடிப்போன எனக்கு ஏமாற்றம். உள்ளே சுவரெல்லாம் புதுக் கல்யாண மண்டபம்போலப் பளிச்சென்று இருக்கிறது. அங்குள்ள கறுப்பு மாதா சிலையின் முகத்தையும் வெள்ளையாக்கிவிட்டார்கள். இப்படிச் செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

சுவர் விஷயத்தில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. நீங்கள் தேடிப்போன இருட்டு, மெழுகுவர்த்திப் புகையும் தூசியும் காலங்காலமாகப் படிந்து உண்டானது. 2009இல் தொடங்கிய பணியில் அதை நீக்கியபோது, அடியில் 13ஆம் நூற்றாண்டுச் சுண்ணாம்புப் பூச்சு பெருமளவு அப்படியே இருந்தது. வெளிர் மஞ்சள் பூச்சு, அதன்மேல் கல் இணைப்புகள்போல வரைந்த வெள்ளைக் கோடுகள். அதைத்தான் துலக்கி, உதிர்ந்த இடங்களை நிரப்பியிருக்கிறார்கள்.

கட்டியவர்களுக்கு வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. 1194இல் பழைய ஆலயம் எரிந்தபின் எழுப்பிய கட்டடம் இது. சுமார் 37 மீட்டர் உயரத்திலுள்ள கல் வளைவுக்கூரை சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசையை, வெளியே நின்று சுவருக்கு முட்டுக்கொடுக்கும் உதைவளைவுகள் வாங்கிக்கொள்கின்றன. சுவருக்குச் சுமை குறைந்தது, அங்கே வண்ணக் கண்ணாடிக்கு இடம் கிடைத்தது.

வெளிர் சுவரில் எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணாடியின் நிறத்தை மங்கச் செய்கிறது என்று சில கலை விமர்சகர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெற்குப் பக்கத்து நீல மாதா சன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதாவும் மடியில் குழந்தையும் உள்ள நடுப்பகுதி தீயில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. சிவப்புப் பின்னணியில் கோபால்ட் கலந்த வெளிர் நீல உடை. சுற்றியுள்ள தேவதூதர்களை அடுத்த நூற்றாண்டில் சேர்த்தார்கள், அங்கே நீலம் அடர்த்தி. துலக்கிய பிறகும் அந்த இரண்டு நீலங்களும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன.

அப்புறம், சன்னல்களின் அடிவரிசையை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பேரரசர் சார்லமேனின் கதை சொல்லும் சன்னலின் அடியில் ஒரு வியாபாரி, உட்புறம் ரோமம் வைத்துத் தைத்த அங்கியை வாடிக்கையாளரிடம் விரித்துக் காட்டுகிறார். புனிதர்களின் கதைக்குக் கீழே அந்த ஊர்க் கடைத்தெரு! 1939இல் போருக்கு அஞ்சி இவற்றையெல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்தினார்களே, அந்தக் கைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மாதா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அந்த மரச்சிலையின் முகம் முதலில் கறுப்பல்ல என்பது மீட்டமைத்தவர்களின் வாதம். இருக்கட்டும். சுவரில் படிந்த கரியை யாரும் கும்பிடவில்லை, மாதாவின் கறுத்த முகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டார்கள். சிலையை அப்படியே விட்டுவிட்டு, பழைய நிறத்தை ஒரு பிரதியில் காட்டியிருக்கலாம்.