ரஷ்யப் பைத்தியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 26 வயது, கோவில்பட்டியில் கணக்கு எழுதும் வேலை. தாத்தாவின் மரப்பெட்டியில் இருந்த சோவியத் புத்தகங்களில் தொடங்கியது என்னுடைய ரஷ்யப் பைத்தியம். ஒன்றரை வருடமாக இணைய வகுப்பில் மொழியும் படிக்கிறேன். பனியைக் கண்ணாலேயே பார்க்காத நான், அந்த மக்களின் சாப்பாடு, வீடு, ரயில், பண்டிகை என்று தேடித் தேடிப் படிப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். இது உண்மையான ஈடுபாடுதானா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. 'ரஷ்ய ஆன்மா' என்கிறார்களே, துயரத்தை விரும்புகிற அந்த ஆழமான மனம், அதுதான் என்னை இழுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு தோழி நேராகவே கேட்டாள், 'உக்ரைன் மீதான இந்தப் போருக்குப் பிறகும் உனக்கு அந்த நாட்டைப் பிடிக்கிறதா?' பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், பெயர்களும் 'போ' என்ற வினையும் என்னை அழ வைக்கின்றன. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அன்புடன்,
மதி

அன்புள்ள மதி,

உங்கள் தோழி கேட்டதை ரஷ்யனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'தெபே நிராவித்ஸா?' சொல்லுக்குச் சொல் 'உனக்குப் பிடிக்கிறதா?' நாலாம் வேற்றுமையில் ஆள், அவரிடம் வந்து சேர்கிற பிடித்தம். ஆங்கிலம் வழியாக ரஷ்யன் படிப்பவர்கள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எதையும் 'நான்' செய்தாக வேண்டும். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. 'ம்னே ஹோலத்ன' என்றால் எனக்குக் குளிர்கிறது. வயதைச் சொல்வதும் 'எனக்கு 26 வயது' என்றுதான். தூக்கம் வராத இரவில் 'ம்னே நே ஸ்பீத்ஸா' என்பார்கள், அங்கேயும் தூங்காதது நான் இல்லை, தூக்கம்தான் எனக்கு வரவில்லை. 'நான் மாணவி' என்று சொல்ல நமக்கு எப்படி 'இருக்கிறேன்' தேவையில்லையோ அவர்களுக்கும் அப்படியே. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதையும் நம்மைப் போலவேதான் சொல்வார்கள், 'உ மென்யா யெஸ்த் க்னீகா'. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனாலும் மனிதனுக்கு நேர்வதைச் சொல்லும் விதத்தில் இவ்வளவு ஒற்றுமை இருப்பதை நான் முதல் மூன்று மாதத்தில் கண்டுகொண்டபோது அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. வெயில் ஊர்க்காரிக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இதே கேள்வியை மறுபக்கமிருந்தும் கேட்டிருக்கலாம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்ஸாந்தர் துப்யான்ஸ்கி, சங்கக் கவிதைகளில் ஆழ்ந்து ஆய்வு செய்தவர், 2020 நவம்பரில் மறைந்தார். வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் உட்கார்ந்து பாலைத் திணையைப் பற்றி யோசித்த மனிதர் அவர். அவருடைய ஈடுபாட்டை நாம் சந்தேகப்பட மாட்டோம். உங்கள் தாத்தாவின் பெட்டியில் இருந்த புத்தகங்களும் அப்படி வந்தவைதான். நம்மவர்கள் சிலர் மாஸ்கோவிலேயே குடியிருந்து மொழிபெயர்த்து, அங்கேயே தமிழில் அச்சாகி, கப்பலில் வந்து, இங்கே சில ரூபாய்க்குக் கிடைத்தவை. 1991இல் அந்த நாடு கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. நீங்கள் இப்போது மூல மொழியைப் படிப்பதால் அது உங்கள் வீட்டில் மட்டும் மறுபடி தொடங்கியிருக்கிறது.

சரி, இனி நான் உடன்படாத இடம். 'ரஷ்ய ஆன்மா' என்பதை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லை ரஷ்யர்களே நிறையப் பயன்படுத்துவார்கள் என்பது உண்மைதான், ஆனால் துயரத்தை விரும்பும் மக்கள் என்று யாரும் கிடையாது. துயரம் திணிக்கப்பட்டவர்கள் உண்டு. அதை விருப்பம் என்று சொல்லிவிட்டால் திணித்தவர்களின் பெயர் மறைந்துபோகும்.

பீட்டர்ஸ்பர்கில், ஐசக் சதுக்கத்தை ஒட்டி, ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நிக்கலாய் வவீலவ் என்ற விஞ்ஞானி கண்டம் கண்டமாக அலைந்து கோதுமை, நெல், பயறு, உருளை என்று சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருந்தன. உலகில் எங்கே பஞ்சம் வந்தாலும் மறுபடி விதைக்க உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அந்த நகரத்தை, அப்போது அதன் பெயர் லெனின்கிராத், சுற்றி வளைத்தது. முற்றுகை 1944 ஜனவரி வரை, 872 நாட்கள். 1941 நவம்பர் 20 தொடங்கி டிசம்பர் 25 வரை தொழிலாளர் அல்லாதவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியிலும் மாவோடு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரநாரும் கலந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் விதைகளுக்குக் காவலிருந்த விஞ்ஞானிகள் பலர் பட்டினியால் செத்தார்கள். நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டவர் திமித்ரி இவானவ். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான பொட்டலங்களில் நெல் இருந்தது. அதில் ஒரு பிடியைக்கூட அவர் எடுத்துச் சாப்பிடவில்லை. நெல்லைத் தின்று வளர்ந்த எனக்கு இதை முதலில் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு 'ரஷ்யத் தியாகம்' என்று நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் அதே நாட்களில் வவீலவ் எங்கே இருந்தார்? 1940இலேயே அவரைக் கைது செய்துவிட்டார்கள். மரபியலைப் பொய் என்று சொன்ன லிசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது, லிசென்கோவை எதிர்த்த வவீலவ் நாட்டுக்கு எதிரி ஆனார். மரண தண்டனை விதித்து, பிறகு இருபது வருடச் சிறையாகக் குறைத்து, 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் அவர் செத்துப்போனார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவர் சிறைச் சோறு போதாமல் நலிந்து செத்தார். இவானவைப் பசியில் தள்ளியது ஹிட்லரின் படை, வவீலவைப் பசியில் தள்ளியது அவருடைய சொந்த அரசு. இவை இரண்டையும் 'ஆன்மா' என்ற ஒரே போர்வையால் மூட என்னால் முடியாது.

நான் ஒரு பிப்ரவரியில் மூன்று வாரம் பீட்டர்ஸ்பர்கில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, போருக்குப் பிறகு பிறந்தவர், அவருடைய அம்மா முற்றுகையில் பிழைத்தவர். நான் வாசலில் காலணியைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். 'தாப்பச்கி!' என்று ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை நீட்டினார், வெறுங்காலோடு தரையில் நடக்க விடவே மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் மேசையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பேச்சு நிற்காது, கை பாட்டுக்கு அதைச் செய்யும். அம்மாவிடமிருந்து வந்த பழக்கமாம். அதைப் பற்றி அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் பிறந்தது ஒரு கம்முனால்காவில். புரட்சிக்குப் பிறகு பெரிய மனிதர்களின் வீடுகளைப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று குடிவைத்தார்கள். சமையலறையும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது, வாசல் மணியை இரண்டு முறை அடித்தால் இன்னார் வீடு, மூன்று முறை அடித்தால் இன்னார் வீடு. 1950களின் பிற்பகுதியில் குருஷோவ் காலத்தில் ஐந்து மாடிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பின. ஐந்தோடு நிறுத்தியதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைக்க வேண்டும். சமையலறை ஆறு சதுர மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் அது கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய சமையலறை. அண்டை வீட்டார் காதில் விழாமல் மனிதர்கள் நம்பியவர்களோடு பேசிக்கொள்ள முடிந்தது, தேநீரோடு விடிய விடியப் பேசினார்கள். 'சமையலறைப் பேச்சு' என்றாலே அங்கே பெரியவர்களுக்கு ஒரு காலகட்டம் நினைவுக்கு வரும். அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் நானும் பார்த்தேன். இன்றைக்குக் கண்ணை மூடினால் தெரிவது அந்தச் சமையலறை ஜன்னல்தான்.

பெயர் விஷயம். ஒரே ஆள் பத்துப் பக்கத்துக்குள் திமித்ரி ஃபியோதரவிச், திமா, மீத்யா, மீத்யென்கா என்று வந்தால் யாருக்கும் தலை சுற்றும். கூப்பிடுகிறவர் யார், எந்த மனநிலையில் கூப்பிடுகிறார் என்று பாருங்கள், குழப்பம் தீரும். பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துச் சொன்னால் மரியாதை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையை 'மரியா இவானவ்னா' என்று, இவானின் மகள் மரியா என்று, முகத்துக்கு நேரே அழைப்பார்கள். நாமும் அப்பா பெயரைச் சுமக்கிறோம், ஆனால் இனிஷியலாக, தாளில் மட்டும். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது என்று வளர்ந்தவன் நான். அங்கே முழுப் பெயரைச் சொல்வதே மரியாதை என்று பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

'போ'வுக்குக் குறுக்கு வழி இல்லை. நடந்தா, வண்டியிலா, இப்போது ஒரு திசையிலா, வழக்கமாகப் போய் வருவதா என்று நான்கையும் அவர்கள் பிரிக்கிறார்கள். இத்தீ, ஹதீத், யேஹத், யேஸ்தித். நான் செய்தது, தினமும் அலுவலகம் போய் வருவதை மனதுக்குள் ரஷ்யனில் சொல்லிக்கொண்டே போனேன். இதோ பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறேன், இதோ பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன், தினமும் இப்படித்தான் போய் வருகிறேன். ஆறு மாதம் ஆயிற்று. வினை முற்றுப்பெற்றதா இல்லையா என்ற அடுத்த தொல்லைக்குப் பயப்பட வேண்டாம், 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குக் காதிலேயே இருக்கிறது, முழுதும் பொருந்தாவிட்டாலும் நிறையக் கைகொடுக்கும்.

கடைசியாகத் தோழிக்கு. இந்தப் போர் அநியாயம். அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்த மொழி கிரெம்ளினுடைய சொத்து இல்லை, உக்ரைனில் குண்டு விழுந்த ஹார்கிவ் நகரத்து வீடுகளில் எத்தனையோ பேரின் வீட்டு மொழியும் ரஷ்யன்தான். தன் அரசு செய்ததை எழுதி வைக்கப் பாடுபட்டவர்களும் அதே மொழியில்தான் எழுதினார்கள். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தேடிச் சேர்த்த 'மெமோரியல்' என்ற அமைப்பு, 2007 முதல் ஒவ்வொரு அக்டோபர் 29ஆம் தேதியும் மாஸ்கோவில், பழைய ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே உள்ள சலவெத்ஸ்கி கல்லருகே ஒரு நிகழ்ச்சி நடத்தி வந்தது. பெயர்களின் திரும்புதல் என்று பெயர். சாதாரண மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் சில பெயர்களை வாசித்துவிட்டுப் போவார்கள். சிலர் கடைசியில் தங்கள் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது.

அந்த வாசிப்புகளின் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன, கேளுங்கள். உங்கள் மொழிப் பயிற்சிக்கும் அதைவிட எளிமையானது கிடைக்காது. பெயர், வயது, செய்த வேலை, தேதி, அவ்வளவுதான். தச்சர், கணக்கர், விவசாயி, ஆசிரியை. ஒன்றரை வருடம் படித்த உங்களுக்கு ஏறக்குறைய எல்லாச் சொல்லும் புரியும். 'ரஸ்ஸ்த்ரேல்யன்' என்று ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வரும், அதை உங்கள் பாடப்புத்தகம் இன்னும் சொல்லித் தந்திருக்காது. சுட்டுக் கொல்லப்பட்டார் என்று அர்த்தம்.